கட்சி இல்லாத கவுன்சிலர்: அயர்லாந்துக் கிராமத்தில் ஒரு சுயேச்சை எப்படி ஜெயிக்கிறார், எப்படி நிலைக்கிறார்?

2024 நவம்பர் 29 அன்று நடந்த அயர்லாந்துப் பொதுத்தேர்தலில் ஃபியன்னா ஃபால் கட்சிக்கு 48 இடங்கள், ஃபினே கேல் கட்சிக்கு 38 இடங்கள். கூட்டினால் 86. நாடாளுமன்றக் கீழவையான 'டால்' அவையில் மொத்தம் 174 இடங்கள் என்பதால் பெரும்பான்மைக்கு 88 தேவை. அந்தக் குறையைச் சுயேச்சைகள் நிரப்பினார்கள். 2025 ஜனவரியில் அமைந்த அரசில் கெர்ரியைச் சேர்ந்த மைக்கேல் ஹீலி-ரே, கால்வேயைச் சேர்ந்த ஷான் கேனி போன்ற சுயேச்சைகள் இணை அமைச்சர் ஆனார்கள். கட்சி கிடையாது, கொடி கிடையாது. அப்படியிருந்தும் ஓர் ஐரோப்பிய நாட்டின் அரசு இவர்கள் தயவில் அமைகிறது. யார் இவர்கள் என்று செய்தி படித்த பலரும் குழம்பியதில் வியப்பில்லை.

இந்தச் சுயேச்சைகளில் பெரும்பாலோர் அரசியலைத் தொடங்கிய இடம் கவுண்டி கவுன்சில். ஹீலி-ரே 1999-லும் கேனி 2004-லும் கவுன்சிலர் ஆனவர்கள். ஆகவே அந்தக் கவுன்சிலர் பதவியைப் புரிந்துகொண்டால்தான் மேலே நடப்பது விளங்கும். அதில் ஒரு முரண் இருக்கிறது. அயர்லாந்தின் கவுன்சில்கள் அதிகாரம் மிகக் குறைந்தவை; கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த அதிகாரம் மேலும் மேலும் சுருங்கியும் வந்திருக்கிறது. சுயேச்சைக் கவுன்சிலரின் செல்வாக்கு மட்டும் சுருங்கவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எந்தக் கவுன்சில்?

அயர்லாந்துக் குடியரசில் 31 உள்ளாட்சி அமைப்புகள் உள்ளன: 26 கவுண்டி கவுன்சில்கள், 3 மாநகரக் கவுன்சில்கள், நகரமும் கவுண்டியும் இணைந்த 2 கவுன்சில்கள் (லிமெரிக், வாட்டர்ஃபோர்டு). மொத்தம் 949 கவுன்சிலர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து, நாடு முழுக்க ஒரே நாளில் வாக்குப்பதிவு. கடைசியாக நடந்தது 2024 ஜூன் 7-ல். ஃபியன்னா ஃபால் 248, ஃபினே கேல் 245 இடங்களைப் பிடித்தன. மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கட்சி சாராதவர்.

கவுண்டியை நம் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கீழே நம் ஊராட்சி மாதிரி எதுவும் அங்கே இல்லை. சிறு நகரங்களுக்கென்று 80 நகரக் கவுன்சில்கள் இருந்தன. 2014-ல் அவற்றையும் ஒரே சட்டத்தில் கலைத்துவிட்டார்கள். ஒரு கடைக்காரரோ பள்ளி ஆசிரியரோ தன் ஊரில் மட்டும் சில நூறு வாக்கு வாங்கி அரசியல் பழகிய முதல் படி அது. இன்று புதிதாக வருகிற சுயேச்சை நேராகக் கவுண்டி கவுன்சிலுக்குத்தான் போட்டியிட வேண்டும். அந்தப் படியை எடுத்தது தவறு என்பதே என் எண்ணம். கட்சி ஆதரவு பெற்றவரை அந்த இழப்பு அதிகம் பாதிக்கவில்லை. தனியாக வருபவரைத்தான் பாதித்தது.

கவுண்டி பல தேர்தல் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதிக்கு 3 முதல் 7 கவுன்சிலர்கள். மலையும் விரிகுடாவும் நிறைந்த மேற்குக் கரையோரத்தில் ஒரு பகுதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் காரில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

முடிவெடுப்பது யார்?

அயர்லாந்தின் உள்ளாட்சிச் சட்டம் கவுன்சிலின் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரம். மற்றது, நிர்வாக அதிகாரம். இது முழுவதும் சம்பளம் வாங்கும் தலைமை நிர்வாக அதிகாரியின் கையில். 1940-ஆம் ஆண்டுக் கவுண்டி நிர்வாகச் சட்டம் இந்தப் பிரிவினையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. 2014 வரை அந்த அதிகாரிக்குக் 'கவுண்டி மேனேஜர்' என்று பெயர். கிராமத்தில் பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்பவை:

1. ஆண்டு வரவு செலவுத் திட்டம். இதை நிறைவேற்றாத கவுன்சிலை அமைச்சர் கலைக்க முடியும். 1969-ல் டப்ளின் மாநகராட்சிக்கு அது நடந்தது.
2. கவுண்டி வளர்ச்சித் திட்டம். எந்த நிலத்தில் வீடு, எதில் தொழில், எது பாதுகாக்கப்பட்ட நிலம் என்பதை இது வகுக்கும்.
3. துணை விதிகள். சாலையின் வேக வரம்பும் இதில் அடங்கும். 2025 பிப்ரவரி 7 முதல் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பு 80 கி.மீ.யிலிருந்து 60 ஆகக் குறைந்தது. குறிப்பிட்ட சாலைக்கு வேறு வரம்பு வேண்டுமென்றால் கவுன்சில்தான் விதி இயற்ற வேண்டும்.
4. உள்ளூர்ச் சொத்து வரியை அடிப்படை விகிதத்திலிருந்து கூட்டுவது, குறைப்பது. 2015-ல் இந்த உரிமை வந்தபோது எல்லை 15 சதவீதம்.
5. தனியார் பாதையைப் பொதுச் சாலையாக அறிவிப்பது.

ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு வீடு ஒதுக்குவது, ஒரு குறிப்பிட்ட மனைக்குக் கட்டட அனுமதி கொடுப்பது, ஊழியர் நியமனம், ஒப்பந்தம் விடுவது ஆகிய நான்கும் இதில் இல்லை. கவுன்சிலரின் வீடு தேடி வருகிற மனிதருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இவைதான். கவுன்சிலரிடம் கேட்கிறார், கவுன்சிலருக்கோ அதற்கு அதிகாரமில்லை.

முன்பு கட்டட அனுமதியில் ஒரு வாசல் திறந்திருந்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு, இன்ன காரியத்தை இன்னபடி செய் என்று அதிகாரிக்குத் தீர்மானம் போட்டுக் கட்டளையிட உறுப்பினர்களை அனுமதித்தது. நெடுஞ்சாலை ஓரத்திலோ கடற்கரைச் சரிவிலோ வீடு கட்ட அதிகாரி மறுத்துவிட்டால், கவுன்சிலர்கள் தீர்மானம் கொண்டுவந்து அனுமதி வாங்கிக் கொடுத்தார்கள். மேற்குக் கவுண்டிகளில் 1970, 80-களில் இது சாதாரணம். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே பிரிவு 140 என்ற எண்ணோடு தொடர்ந்தது. 2014-ல் கட்டட அனுமதிக்கு அதைப் பயன்படுத்த முடியாதபடி வாசலை மூடினார்கள். திட்டமில்லாமல் சிதறிய வீடுகள், அவற்றின் கழிவுத் தொட்டிகள் கெடுத்த நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பார்த்தால் அதை மூடியது சரிதான்.

மற்ற இழப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1978-ல் வீடுகளுக்கான உள்ளாட்சி வரி ஒழிந்தது. அன்றிலிருந்து கவுன்சிலின் சொந்த வருமானம் மெலிந்து, டப்ளினில் உள்ள மத்திய அரசு தரும் மானியத்தை நம்பும் நிலை வந்தது. 2014 ஜனவரி 1 அன்று குடிநீரும் கழிவுநீரும் தேசிய நீர் நிறுவனத்துக்குப் போயின. இப்போது குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலரிடம் சொன்னால், அவரும் நீர் நிறுவனத்துக்குத்தான் தொலைபேச வேண்டும்.

அதிகாரம் கையில் இருந்தபோது கவுன்சிலரின் கட்சிக்கு மதிப்பு இருந்தது. அவைக்குள் வாக்கு எண்ணிக்கைதான் காரியத்தை முடித்தது. அதிகாரம் போனபின் மிஞ்சியது ஒரே வேலை: எந்த அலுவலகத்தில் எந்த அதிகாரியிடம் எந்தப் படிவத்தோடு போக வேண்டும் என்று தெரிந்திருப்பது, கோப்பு நகரும்வரை விடாமல் துரத்துவது. அதற்குக் கட்சி தேவையில்லை. நேரமும் நினைவாற்றலும் பொறுமையும் உள்ளவர் கட்சிக்காரரை முந்திவிடுகிறார்.

போட்டியில் இறங்குவது

18 வயது நிரம்பியிருந்தால் போதும். அயர்லாந்தில் வசிக்கிற யாரும், எந்த நாட்டுக் குடியுரிமை உடையவரானாலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம். அங்கே வேலைக்குப் போயிருக்கும் தமிழர் பலருக்கு இது தெரிவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 2000-ல் நைஜீரியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த ரோட்டிமி அடெபாரி, 2004-ல் போர்ட்லீஷ் நகரக் கவுன்சிலுக்குச் சுயேச்சையாக வென்று 2007-ல் அந்நகர மேயர் ஆனார்.

கட்சி வேட்பாளர் கட்சியின் சான்றிதழைக் கொடுத்தால் போதும். சுயேச்சைக்கு இரண்டு வழிகள்: அந்தத் தேர்தல் பகுதியில் பதிவான 15 வாக்காளர்களின் ஒப்புதல், அல்லது 100 யூரோ முன்பணம். வெற்றி பெற்றாலோ, வெல்லத் தேவையான வாக்கு எண்ணிக்கையான 'ஒதுக்கீட்டின்' கால்பங்குக்கு மேல் வாக்கு வந்தாலோ முன்பணம் திரும்பும். வாக்குச்சீட்டில் பெயருக்கு நேரே 'கட்சி சாராதவர்' என்று போட்டுக்கொள்ளலாம், வெறுமையாகவும் விடலாம்.

சுவரொட்டிக்குக் கண்டிப்பான கெடு உண்டு. வாக்குப்பதிவு முடிந்து 7 நாட்களுக்குள் கம்பங்களிலிருந்து கழற்றியாக வேண்டும். தவறினால் 150 யூரோ அபராதம். கட்சி வேட்பாளருக்கு ஏணியோடு இளைஞர் அணி வரும். சுயேச்சைக்கு மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரரும் அயர்லாந்தின் மரபு விளையாட்டான 'கேலிக்' கால்பந்துச் சங்கத்தின் பையன்களும்தான். எங்கே எத்தனை கட்டினோம் என்று எழுதி வைக்காதவர் கடைசி நாளில் இருட்டில் காரை எடுத்துக்கொண்டு தேடிப் போக வேண்டியிருக்கும்.

வாக்கு எண்ணிக்கை: சுயேச்சையின் உயிர்நாடி

வாக்கு முறை விகிதாசார ஒற்றை மாற்று வாக்கு. நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைத் தேர்தலில் போடுகிற அதே வகை. அயர்லாந்தில் அதை ஊர் மக்களே போடுகிறார்கள். 1919 ஜனவரியில் ஸ்லைகோ நகரில் சோதித்துப் பார்த்து, 1920-ல் எல்லா உள்ளாட்சிக்கும் விரித்தார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று தனக்குப் பிடித்த வரிசையில் எண் இடுவார். எத்தனை பேர் வரை வேண்டுமானாலும் போகலாம்.

கணக்கைக் கற்பனை எண்களில் பார்ப்போம். 6 இடங்கள், செல்லுபடியான வாக்குகள் 12,600.

1. ஒதுக்கீடு: 12,600-ஐ (6 + 1) ஆல் வகுத்து 1 கூட்ட வேண்டும். 1,800 + 1 = 1,801. இதைத் தொட்டவர் வென்றார்.
2. முதல் சுற்றில் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 2,300. அவர் வென்றுவிட்டார், மிகுதியான 499 வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பெரும்பகுதி அதே கட்சியின் இன்னொரு வேட்பாளருக்கே சேரும்.
3. நம் சுயேச்சைக்கு முதல் விருப்பம் 1,050; எட்டாவது இடம்.
4. கடைசி இடத்தில் இருப்பவர் நீக்கப்படுகிறார். அவர் பக்கத்து ஊர்க்காரர், 480 வாக்கு. அதில் 200 நம் ஆளுக்கு வருகிறது. இப்போது 1,250.
5. அடுத்து நீங்குபவர் ஒரு சிறு கட்சிக்காரர். 130 வருகிறது: 1,380. அடுத்தவர், பெரிய கட்சியில் இரண்டாவதாக நிறுத்தப்பட்டவர், அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். 270 வருகிறது: 1,650.
6. நிரப்ப வேண்டியது ஒரே இடம், களத்தில் மிஞ்சியவர் இருவர், மற்றவருக்கு 1,590. ஒதுக்கீட்டைத் தொடாமலே 1,650-ல் நம் சுயேச்சை வெல்கிறார்.

இந்த முறையில் பகையே இல்லாமல் இருப்பதற்கு நேரடிப் பலன் உண்டு. கட்சிக்கு ஓட்டுப் போடுகிற குடும்பம் முதல் எண்ணைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு, "அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்தாரே" என்று மூன்றாவது எண்ணைச் சுயேச்சைக்குப் போடும். அந்த மூன்றாவது எண்தான் அவரைத் தூக்கி நிறுத்துகிறது. ஆகவே அனுபவம் உள்ள சுயேச்சை கதவைத் தட்டும்போது முதல் வாக்கை மட்டும் கேட்பதில்லை. "உங்கள் ஆளுக்கு முதலில் போடுங்கள், அடுத்து என்னை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். மற்ற வேட்பாளரைத் தாக்கிப் பேசி முதல் விருப்பத்தைக் குவித்துக்கொண்டு, மாற்று வாக்கு வராமல் அதே எண்ணிக்கையில் நின்றுபோய்த் தோற்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

எண்ணும் மண்டபத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பெட்டியைத் திறந்து சீட்டுகளை விரிக்கும்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் தொண்டர்கள் ஒவ்வொரு சீட்டின் முதல் எண்ணையும் பார்த்துக் கோடு போட்டுக் கணக்கெடுப்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்பது அன்று மதியமே தெரிந்துவிடும். தேர்தல் அலுவலகம் இப்படிப் பெட்டிவாரியாக வெளியிடுவதில்லை. அடுத்த ஐந்தாண்டில் எந்த ஊரில் அதிகம் நடக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாள்தான் வரைபடம். தனக்கென்று கணக்கெடுக்க நாலு பேரை அழைத்துப் போகாத சுயேச்சை, ஜெயித்தாலும் எங்கே ஜெயித்தோம் என்று தெரியாமல் வீடு திரும்புவார்.

அன்றாட வேலை: ஒரு சாலைக் கோப்பு

அயர்லாந்தில் ஏறத்தாழ 1,00,000 கி.மீ. சாலை, அதில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கவுன்சில்களின் பொறுப்பு. இது போக, அரசின் பொறுப்பில் இல்லாத தனியார் பாதைகள் கிராமங்களில் ஏராளம். மூன்று நான்கு பண்ணைகளுக்கும் சில வீடுகளுக்கும் போகிற குறுகிய பாதை. நடுவில் புல் வளர்ந்திருக்கும், இருபுறமும் குழிகள். இதைச் சீர்செய்ய உள்ளூர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. நிதி நெருக்கடியில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2017-ல் மீண்டும் தொடங்கியது. சுயேச்சைக் கவுன்சிலரின் கைவேலைத் திறன் தெரிவது இங்கேதான்.

வழிமுறை இப்படிப் போகும்:

1. பாதை பொதுச் சாலையாக இருக்கக்கூடாது. வெவ்வேறு நபர்கள் விவசாயம் செய்யும் குறைந்தது இரண்டு நிலங்களுக்காவது அது வழியாக இருக்க வேண்டும். வெறும் வீடுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தகுதி கிடைக்காது. முதலில் இதைச் சரிபார்க்காமல் நம்பிக்கை கொடுப்பவர் பிறகு சங்கடப்படுவார்.
2. பாதையால் பயன்பெறுவோர் எல்லாரும் விண்ணப்பத்தில் சேர வேண்டும்.
3. கவுன்சில் பொறியாளர் வந்து பார்த்துச் செலவை மதிப்பிடுவார். பாதை முன்னுரிமைப் பட்டியலில் ஏறும்.
4. ஆண்டு ஒதுக்கீடு டப்ளினிலிருந்து வரும். முறை வந்ததும் மக்கள் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும். பயனாளிகள் ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால் 10 சதவீதம், ஆறு அல்லது மேல் என்றால் 15 சதவீதம். ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 1,200 யூரோ.
5. பணம் கட்டிய பின்பே வேலை தொடங்கும்.

7 குடும்பங்கள், மதிப்பீடு 40,000 யூரோ என்று வைப்போம். 15 சதவீதம் என்றால் 6,000. ஆளுக்கு ஏறத்தாழ 857. ஒருவர் "என் வீடு பாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது, நான் ஏன் கட்ட வேண்டும்" என்று விலகினால் மற்ற ஆறு பேருக்கும் தலைக்கு 1,000. அதில் ஒருவர் ஓய்வூதியக்காரர், இன்னொருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். இங்கேதான் கோப்பு நின்றுபோகும். இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, எப்போதோ வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு அண்டை வீட்டாரிடம் மாறிமாறிப் பேசிக் கையெழுத்து வாங்குவது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வேலை. அதைச் செய்து முடிப்பவருக்கு அந்தப் பாதையின் ஏழு வீடுகளும் கடன்பட்டதாகவே நினைக்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். முதலாவது, வடிகால். ஓரச் சாக்கடையைத் தூர்வாராமல், தண்ணீர் வெளியேற யாருடைய நிலத்தின் வழியாக வழி என்று முடிவு செய்யாமல், மேலே தார் மட்டும் போட்டால் சில மழைக்காலத்திலேயே விளிம்பு உடைந்துவிடும். வயல்காரரின் சம்மதத்தை முதலிலேயே வாங்க வேண்டும். இரண்டாவது, வேலை முடிந்தபின் பாதை கவுன்சிலுக்குச் சொந்தமாகிவிட்டது என்ற நினைப்பு. ஆகாது, பராமரிப்பு மக்கள் பொறுப்பிலேயே இருக்கும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லாத கவுன்சிலர் நாலு வருடம் கழித்து அதே ஏழு வீடுகளின் கோபத்துக்கு ஆளாவார்.

வீடு, அனுமதி, மானியம்

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டை மாற்றியமைக்க மூன்று மானியங்கள் உண்டு. 2024 டிசம்பரில் உச்சவரம்புகள் உயர்ந்தன: மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மானியம் 40,000 யூரோ, நடமாட்ட உதவிக்கு 8,000, முதியோர் வீட்டுப் பழுதுக்கு 10,700. இதில் மக்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று: ஒப்புதல் கடிதம் வருமுன் வேலையை ஆரம்பித்துவிடுவது. முடித்த வேலைக்கு மானியம் கிடையாது. குளியலறையில் தாய் விழுந்துவிட்டார் என்ற பதற்றத்தில் மகன் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார். அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் தடுத்து, மருத்துவரின் சான்றையும் சொத்து வரி கட்டிய விவரத்தையும் ஒரே உறையில் சேர்க்கச் சொல்வதுதான் கவுன்சிலர் செய்யக்கூடிய பெரிய உதவி.

கட்டட அனுமதியில் அவர் செய்யக்கூடியது குறைவு. ஒரு வீட்டுக்கான விண்ணப்பக் கட்டணம் 65 யூரோ. யாரும் 20 யூரோ கட்டி 5 வாரத்துக்குள் ஆட்சேபமோ கருத்தோ தரலாம். சாதாரணமாக 8 வாரத்தில் முடிவு. அதன்பின் 4 வாரத்துக்குள் மேல்முறையீடு. கவுன்சிலர் விண்ணப்பத்துக்கு ஆதரவாகக் கடிதம் கொடுக்கலாம். அது கோப்பில் சேர்ந்து யார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். அவர் கடிதத்தால் அனுமதி வந்ததாக ஊர் நம்பும். உண்மையில் வந்தது விண்ணப்பத்துக்கு முந்திய ஆலோசனைக் கூட்டத்தில், மண் நீரை உறிஞ்சும் சோதனை தேறாத மனையை விட்டுவிட்டு வேறு மூலையைப் பாருங்கள் என்று சொன்னதால். நேர்மையான கவுன்சிலர் இந்த வித்தியாசத்தை மறைப்பதில்லை.

அவைக்குள் தனி ஆள்

தேர்தல் முடிந்து முதல் கூட்டம் கூடுவதற்குள் பேரம் நடக்கும். தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவருக்கு. ஐந்தாண்டில் ஐந்து தலைவர்கள். பெரிய கட்சிகள் உடன்பாடு போட்டு ஆண்டுகளையும் குழு இடங்களையும் பங்கிட்டுக்கொள்ளும். தனியாக நிற்கும் சுயேச்சைக்கு எதுவும் கிடைக்காது. சட்டம் குழு இடங்களுக்காக உறுப்பினர்கள் அணியாகச் சேர அனுமதிக்கிறது. எனவே கொள்கையில் ஒத்துப்போகாத சுயேச்சைகள்கூடக் கையெழுத்துப் போட்டு ஓர் அணியாவார்கள். தீர்மானங்களில் அவரவர் வழி. கட்சிகளுக்கு எண்ணிக்கை குறையும் இடத்தில் அந்த அணியே யார் ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும்.

சம்பளம்

2021 ஜூலை 1-க்கு முன் கவுன்சிலருக்கு ஆண்டுக்குச் சுமார் 17,000 யூரோ. மூத்த வழக்கறிஞர் சாரா மூர்ஹெட் தந்த அறிக்கைக்குப் பிறகு அது 25,788 ஆகி, அரசு ஊதிய உயர்வுகளோடு கூடி வருகிறது. பயணப்படி தனி. முழுநேர வேலைக்கு இது போதாது. பகுதிநேரம் என்று சொல்லவும் முடியாது. விளைவாக, கிராமத்துச் சுயேச்சைகளில் விவசாயிகளும் மதுக்கடை உரிமையாளர்களும் சிறு ஒப்பந்தக்காரர்களும் அதிகம். நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ள முடிகிறவர்கள். மாதச் சம்பளக்காரரும் சிறு குழந்தையின் தாயும் வெளியே நிற்கிறார்கள். கவுன்சிலர்களுக்கு மகப்பேறு விடுப்பு என்பதே 2022-ல்தான் சட்டமானது. இந்தப் பதவியில் மிகவும் வருந்தத்தக்க குறை இதுவே.

ஊருக்கு வெளியே உள்ள மதிப்பு

இரண்டு சமயங்களில் தேசமே இந்தக் கவுன்சிலரைத் தேடி வரும்.

1. மேலவைத் தேர்தல். 60 மேலவை இடங்களில் 43 பேரைக் கவுன்சிலர்களும் புதிய கீழவை உறுப்பினர்களும் பதவி முடியும் மேலவை உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்த வாக்காளர்கள் 1,200-க்கும் குறைவு. அதில் 949 பேர் கவுன்சிலர்கள். கட்சிக் கவுன்சிலர்களின் வாக்கு எங்கே போகும் என்று ஏறக்குறையத் தெரியும். சுயேச்சையின் வாக்கு தெரியாது. வேட்பாளர்கள் நாடு முழுக்கக் காரில் சுற்றி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பது அதனால்தான்.
2. குடியரசுத் தலைவர் தேர்தல். ஒருவரை வேட்பாளராக்க 20 நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும், அல்லது 4 கவுன்சில்கள். கவுன்சில் வழியாக முதன்முதலில் வேட்பாளர்கள் வந்தது 1997-ல். 2018-ல் போட்டியிட்ட ஆறு பேரில் நான்கு பேர் இந்த வழியாக வந்தவர்கள்.

அடுத்த படி, அடுத்த ஆள்

சுயேச்சைகளில் ஒரு பகுதியினர் ஒரே விஷயத்தைத் தூக்கிப் பிடித்து மேலே போகிறார்கள். லூக் 'மிங்' ஃபிளனகன் 2004-ல் ரோஸ்காமன் கவுண்டி கவுன்சிலுக்கு வந்தார். சதுப்பு நிலத்தில் எரிபொருளுக்காகப் புல்கரி வெட்டும் உரிமை அவர் கையில் எடுத்த போராட்டம். 2011-ல் கீழவை, 2014-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம். அதே கவுண்டியில் மைக்கேல் ஃபிட்ஸ்மாரிஸ் 2014 மே மாதம் கவுன்சிலர், அக்டோபர் இடைத்தேர்தலில் கீழவை உறுப்பினர். இன்னொரு பகுதியினர் கட்சி வேட்பாளர் தேர்வில் ஒதுக்கப்பட்டு வெளியே வந்தவர்கள். ஜாக்கி ஹீலி-ரே 1997-ல் ஃபியன்னா ஃபால் இடம் கொடுக்காததால் தனியாக நின்று வென்றார். பிரதமர் பெர்ட்டி அஹெர்னின் சிறுபான்மை அரசுக்கு ஆதரவு கொடுத்து, பதிலுக்குத் தெற்குக் கெர்ரிக்குச் சாலையும் வசதிகளும் கேட்டு வாங்கினார்.

மேலே போனவரின் கவுன்சில் இடம் என்ன ஆகும்? இதில் ஒரு விதி பலரும் கவனிக்காதது. அயர்லாந்தில் கவுன்சில் இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது. மீதமுள்ள உறுப்பினர்கள் ஒருவரை நியமித்துக்கொள்வார்கள். விலகியவர் கட்சிக்காரர் என்றால் கட்சி சொல்பவர். சுயேச்சை என்றால் அந்தந்தக் கவுன்சிலின் நிலையியல் விதி சொல்கிறபடி. நடைமுறையில் விலகியவர் யாரைக் காட்டுகிறாரோ அவரையே அவை ஏற்கும். கூடவே, ஒருவர் கீழவையிலும் கவுன்சிலிலும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது என்ற தடையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. தொகுதியில் மக்களைச் சந்திக்கும் இடத்தையும் தொலைபேசியையும் கோப்புகளையும் யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டிய கட்டாயம் வந்தது.

கெர்ரியில் அது நடந்த வரிசையைப் பார்த்தால் போதும். 2003-ல் ஜாக்கி ஹீலி-ரே விட்ட இடத்துக்கு மகன் டேனி. 2011-ல் இன்னொரு மகன் மைக்கேல் கீழவைக்குப் போனபோது அவர் இடத்துக்கு டேனியின் மகன் ஜானி. 2016-ல் டேனியும் கீழவைக்கு வென்றபோது அவர் இடத்துக்கு மகள் மாரா. மூன்று முறையும் நியமனம். அடுத்து வந்த தேர்தலில் ஒவ்வொருவரும் வாக்காளரிடம் போய் நின்று சொந்தமாக வென்றார்கள். அந்தக் கவுண்டியின் சமையலறை மேசைகளில் அந்தக் குடும்பத்தின் தொலைபேசி எண் முப்பது ஆண்டுகளாக மாறாமல் எழுதியிருந்தது.